ஃப்ளீட்: ஊர்தி அணி

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு தாளோடு வந்தான். இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்து மருந்துக்கடையில் இருந்து செம்பனைத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மருந்துப் பொட்டலம் கொண்டுபோக எத்தனை ட்ரோன் வேண்டும் என்பது அவன் பாடவேலை. 'ஃப்ளீட் சைஸ்' என்பதற்கு 'ட்ரோன் எண்ணிக்கை' என்று எழுதியிருந்தான். "எண்ணிக்கைன்னா போதாதா மாமா?" என்றான். போதாது.

ஃப்ளீட் என்பது பழைய ஆங்கிலத்தில் மிதப்பதைக் குறிக்கும் வினையில் பிறந்த சொல். முதலில் மிதக்கும் கலம், பிறகு சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டம், அப்புறம் ஒரே நிர்வாகத்தில் ஓடும் லாரி, டாக்சி, விமானம் எல்லாம். எத்தனை வாங்கினோம் என்பதைவிட, சேர்ந்து ஒரு வேலையை முடிக்கிறது என்பதுதான் சொல்லின் உயிர்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கும். விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், முப்பத்திரண்டு பேர்தான் நிற்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருத்தி பிள்ளை பெற்றிருப்பாள். மேற்பார்க்கும் கங்காணி நிரை, அதாவது மர வரிசை, பிரிப்பது நிற்பவர்களை வைத்துத்தான். இரவெல்லாம் மழை பெய்து பால்மரப் (ரப்பர் மரப்) பட்டை ஈரமாக இருந்தால் அத்தனை பேர் நின்றும் சீவ முடியாது. ட்ரோனுக்கும் அதே கதிதான்: பழுதில் கிடப்பது, சார்ஜில் இருப்பது, சாயங்கால இடிமழையில் எழும்ப முடியாதது.

அவன் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். லயம் 4 கிலோமீட்டரில் இருக்கிறது, ட்ரோன் மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டோம். போக 6 நிமிடம், வர 6. பொட்டலம் ஏற்ற 3, இறக்க 1, பேட்டரி மாற்ற 4. ஆக ஒரு சுற்று 20 நிமிடம். நெரிசல் நேரத்தில் மணிக்கு 12 பொட்டலம் என்றால் 5 நிமிடத்துக்கு ஒன்று கிளம்ப வேண்டும். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியும் இதுதான்: வரும் வேகத்தைச் சுற்று நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் வேலையில் இருப்பவை எத்தனை என்று தெரியும்.

ஆனால் 4 என்பது அடித்தளம். கேட்பவர்கள் சரியாக 5 நிமிடத்துக்கு ஒருவராகக் கேட்பதில்லை. மூன்று பேர் ஒன்றாகக் கேட்பார்கள், பிறகு கால் மணிநேரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதற்கு ஒன்றிரண்டு கூடுதல், பழுதுக்கு இன்னொன்று. பேட்டரியை மாற்றாமல் முக்கால் மணிபோல சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாலோ ஒரு சுற்று ஒரு மணிநேரத்தைத் தொடும். 4 போதும் என்ற இடத்தில் 12 வேண்டும். ட்ரோன் வாங்கும் காசில் முதலில் பேட்டரிகளை வாங்கு என்றேன்.

சரி, தமிழில் என்ன? படை என்றால் போர் வாடை வருகிறது. தொகுதி என்றால் நாடாளுமன்றம் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது அணி: வரிசையும் அதுதான், சேர்ந்து இயங்கும் குழுவும் அதுதான். ட்ரோனுக்கு ஆளில்லா வானூர்தி என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றின் 27-ஆம் பாட்டு சொல்கிறது. வலவன் என்றால் ஓட்டுபவன். அங்கே அது புகழுடையோர் விண்ணுலகம் போகும் ஊர்தி. ஓட்டுநர் இல்லாமல் வானில் போகும் ஒன்றுக்கு இந்த மொழியில் சொல் காத்திருந்தது எனக்குப் பெருமைதான்.

ஆக ஃப்ளீட் என்றால் ஊர்தி அணி, ஃப்ளீட் சைஸ் என்றால் அணியளவு. பேச்சில் ட்ரோன் அணி என்றாலும் குறையில்லை. அவன் தாளில் 'எண்ணிக்கை'யை அடித்துவிட்டு, 'தேவையான அணியளவு: பறக்க 4, கூடுதல் 2, பழுதுக்கு 1' என்று எழுதினான்.