செவ்வுருவம்: தீட்டியது சிவப்பை அல்ல

அருங்காட்சியகங்களில் பழங்காலக் கிரேக்கப் பானை ஓடுகளுக்குப் பக்கத்தில் 'ரெட் ஃபிகர்' (செவ்வுருவம்) என்று எழுதியிருப்பதைத் தமிழில் 'சிவப்பு வண்ணம் தீட்டிய பூச்சாடி' என்று எழுதிவிடுகிறார்கள். பூச்சாடியும் தப்பு, சிவப்பும் தப்பு. அவை மது கலக்கவும் தண்ணீர் முகக்கவும் எண்ணெய் வைக்கவும் புழங்கிய கலங்கள். தீட்டியதோ கறுப்பை. உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பைப் பூசினார்கள். பூசாமல் விட்ட மண்ணின் நிறம்தான் உருவம்.

இம்முறை ஏதென்ஸில் கி.மு. 525 வாக்கில் தோன்றியது. முந்தைய முறை இதற்கு நேர்மாறு: உருவத்தைக் கறுப்பால் நிரப்பி, கண்ணையும் துணி மடிப்பையும் கூர்முனையால் கீறிக் காட்டுவார்கள்.

இரு முறைகளின் பெயர்களும் பிற்கால ஆய்வாளர்கள் இட்டவை. இன்றைய கிரேக்கர்கள் 'எரித்ரோமொர்ஃபோஸ்' என்கிறார்கள். எரித்ரோஸ் சிவப்பு, மொர்ஃபே உருவம். ஆகவே 'செவ்வுருவம்' சரியாகப் பொருந்துகிறது. உருவத்தைக் கறுப்பால் நிரப்பிய முந்தைய முறையைக் 'கருவுருவம்' என்று எழுதினால் வயிற்றுப் பிள்ளை நினைவுக்கு வரும். 'கறுப்புருவம்' என்பதே நல்லது.

அந்தக் கறுப்பு தனிச் சாயம் அல்ல. பானை வனையும் மண்ணையே தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மிக நுண்ணிய வண்டலை மட்டும் எடுத்த குழம்பு. சூளையில்தான் வித்தை. முதலில் காற்றை விட்டு எரிக்க, ஏறக்குறைய 800 டிகிரியில் எல்லாமே சிவக்கும். பிறகு காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகு போட்டு 900-க்கு மேல் ஏற்றினால் இரும்பு ஆக்சைடு மாறி முழுக் கலமும் கறுக்கும். பூச்சு மட்டும் இறுகிக் கண்ணாடிபோல் ஆகும். சூடு தணியும்போது மறுபடி காற்று விட்டால் நுண்துளையுள்ள மண் சிவப்புக்குத் திரும்பும், இறுகிய பூச்சு திரும்பாது. இரண்டாம் கட்டச் சூடு போதாவிட்டால் பூச்சு இறுகாது. கடைசியில் அதுவும் சிவக்கும். கறுப்பில் திட்டுத் திட்டாகத் தெரியும் செம்பழுப்பு பெரும்பாலும் இதனால்தான். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுட்ட கிண்ணங்களின் உட்புறத்தில் இது வட்டமாகவே விழும்.

ஓட்டைக் கையில் எடுத்தால் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். செவ்வுருவத்தில் முக்கியக் கோடுகள் மேடாக நிற்கும், கறுப்புருவத்தில் கோடு பள்ளம். செவ்வுருவத்தின் விளிம்பையொட்டி முதலில் ஓட்டிய கறுப்புப் பட்டை, பின்னணிக் கறுப்பிலிருந்து தனித்தும் தெரியலாம். அடுத்து உட்புறம்: பூச்சு இருந்தால் கிண்ணம், கலவைத் தொட்டி போன்ற வாய் அகன்ற கலம், வெறும் மண்ணும் சக்கர வரிகளும் இருந்தால் பெரும்பாலும் கழுத்து குறுகிய ஜாடி.

நம் கீழடி, ஆதிச்சநல்லூர் கறுப்பு-சிவப்பு மட்கலங்களோடு இதைக் குழப்பக் கூடாது. அவற்றின் கறுப்பு தீட்டியது அல்ல. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டபோது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.