தூக்கிய வண்டியிலும் டயர் ஏன் உரசுகிறது?

அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப் வாங்கும் பலருக்கு, நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் பெரிய டயர் மாட்டிவிட வேண்டும். மாட்டிய மறுநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'கர்ர்ர்' என்று சத்தம். அதான் தூக்கியாயிற்றே, பிறகு எங்கே போய் இடிக்கிறது?

முதலில் அளவைப் பார்ப்போம். 2016 முதல் 2023 வரை வந்த டகோமாவின் ஆஃப்ரோடு மாடலில் கம்பெனி மாட்டித் தரும் டயர் 265/70 ஆர்16. அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம்; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். ஒரே டயரில் மில்லிமீட்டரும் அங்குலமும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்காதீர்கள். கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 777 மி.மீ. பலர் ஆசைப்படும் 285/70 ஆர்17 டயருக்கு அது 831 மி.மீ. அதாவது சுற்றிலும் 27 மி.மீ. கூடுகிறது. ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. அது 60 மைல் காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது தூக்கிய கதை. நீளமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிற்கும்போது டயருக்கு மேலே கை நுழையும் அளவுக்கு இடம் தெரியும். ஆனால் பெரிய பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது, சக்கரம் எதுவரை மேலே வரலாம் என்று முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. ஸ்பிரிங்கை மாற்றினாலும் அந்தக் கட்டை பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆக, சக்கரம் கடைசியில் போய் நிற்கும் இடமும் பழையதுதான். சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கும் பாடி லிஃப்ட் வேறு சமாச்சாரம். அதில் கேபினே மேலே போய்விடுவதால் இடம் நிஜமாகவே கூடும்.

பார்க்கிங்கில் கேட்ட சத்தத்துக்குக் காரணம் உயரம்கூட இல்லை, திருப்பம். சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ் கைகளின் (கன்ட்ரோல் ஆர்ம்) நுனியில் உள்ள குண்டு மூட்டுகளை, அதாவது இரண்டு பால் ஜாயின்ட்களை, இணைக்கும் கோடுதான் சக்கரம் திரும்பும் அச்சு. டயர் அந்தக் கோட்டில் இல்லை, அதற்கு வெளியே நிற்கிறது. அதனால் அது நின்ற இடத்தில் திரும்பாமல், கீலில் ஆடும் கதவு மாதிரி வீசித் திரும்புகிறது. அச்சிலிருந்து டயரின் நடுக்கோடு 100 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்து பைதாகரஸ் கணக்குப் போட்டால், பழைய டயரின் வெளிமூலை 453 மி.மீ. ஆரத்தில் சுற்றும், புதியது 481-ல். இதோடு, பார்க்க அகலமாக இருக்கட்டும் என்று ஆஃப்செட் 25 மி.மீ. குறைந்த ரிம், அதாவது சக்கரத்தை அந்த அளவு வெளியே தள்ளும் ரிம், போட்டால் 494. அந்த 13 மி.மீ. வெறும் அழகுக்காகப் போனது. சரி, உள்ளே தள்ளி மாட்டலாமா? ரொம்பத் தள்ளினால் டயரின் உள்பக்கம் மேல் கன்ட்ரோல் ஆர்மில் உரசும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வெளிமூலை போய் மோதுவது பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பாடி மவுன்ட்டில். கேபினை சேசிஸோடு பிடித்திருக்கும் இரும்பு அது. சக்கரக் குழியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் என்றால் சூடுகாட்டி வளைக்கலாம், கத்தரிக்கலாம். இரும்பு என்றால் மூலையை அறுத்து, தகடு வைத்து வெல்டிங் செய்து பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் வீல் அலைன்மென்ட்டைப் பார்ப்பது நல்லது. கீழ் கன்ட்ரோல் ஆர்மை முன்பின் நகர்த்தும் கேம் போல்ட்டைத் திருகி, சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினாலே சிலருக்குச் சத்தம் நின்றுவிடும். அளவு மீறினால் முன் பம்ப்பரில் உரசும்.

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட நல்ல வழி உண்டு. வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, முன் ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரோடு கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்குங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். லைனரிலும் இரும்பிலும் வெள்ளை ஒட்டியிருக்கும் இடங்களை மார்க்கரால் வட்டமிட்டுக்கொண்டு, அப்புறம் ரம்பத்தை எடுக்கலாம்.