சில்லு இல்லை, நறுக்கு

“பெறும் கருவியில் உள்ள சில்லுகள் அரைச் சில்லு இடைவெளியில் பொருத்தப்பட்டுள்ளன.” ஜிபிஎஸ் வேலை செய்யும் விதம் பற்றிய ஒரு தமிழாக்கத்தில் அண்மையில் கண்ட வாக்கியம் இது. படித்தால் பச்சைப் பலகையில் கறுப்புச் சில்லுகளை நெருக்கி நெருக்கி ஒட்டியிருப்பதுபோல் ஒரு படம் வரும். மூலத்தில் அப்படிப் பொருத்துவதற்கு எதுவுமே கிடையாது. அங்கே சொல்லப்பட்டது ஒரு நேர அளவு, ஏறக்குறைய அரை மைக்ரோ நொடி. ‘சிப்’ என்று கண்டதும் கை தானாகச் ‘சில்லு’ என்று தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் ‘பரவல் நிறமாலை’ என்றும் இருந்தது. சமிக்ஞையை வேண்டுமென்றே அகன்ற அலைவெண் பரப்புக்கு விரித்து அனுப்பும் முறையான ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்பதற்கு இப்படி ஒரு தமிழ். இதைப் பல இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். சில்லும் வந்து சேர்ந்தபின் கடந்துபோக மனமில்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல்; ‘பார்’ என்னும் வினையடியிலிருந்து வந்தது, பொருள் தோற்றம். 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் முப்பட்டகம் வழியே பிரித்த வண்ணப் பட்டைக்கு அந்தப் பெயரை வைத்தார். சிப் என்பது கோடரி விழும்போது மரத்திலிருந்து தெறிக்கும் சிறாய். சிலிக்கான் வில்லையை அறுத்தெடுத்த துண்டுக்கு மின்னணுவியலார் அதே பெயரை வைத்தார்கள். ஒரு பிட்டை நேரத்தில் பொடிசாக வெட்டியபோது கிடைத்த துண்டுக்குத் தகவல்தொடர்புப் பொறியாளர்களும் அதே பெயரை வைத்தார்கள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. வேர்க்கதை முடிந்தது.

இந்த இரண்டாவது சிப் எதற்கு என்று தெரியாமல் சொல் தேட முடியாது. ஜிபிஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். எல்1 என்னும் அலைவெண்ணில் வரும், பொதுமக்களுக்கான பழைய சமிக்ஞையில் செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியின் வேகம் நொடிக்கு 50 பிட்தான். ஒரு பிட் 20 மில்லி நொடி நீடிக்கும். அதை அப்படியே அனுப்புவதில்லை. கூட்டல், கழித்தல் குறிகள் தாறுமாறாக அமைந்ததுபோல் தோன்றும் 1,023 உறுப்புக் கோவை ஒன்றால் பெருக்கி அனுப்புகிறார்கள். கோவை ஒரு மில்லி நொடியில் ஒரு சுற்று முடிக்கும். ஒரு பிட்டுக்குள் 20 சுற்று. ஆக ஒரு பிட் 20,460 துண்டாகிறது. அந்தத் துண்டுதான் சிப். நொடிக்கு 10,23,000 சிப். ஒன்றின் காலம் ஒரு மைக்ரோ நொடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ரேடியோ அலை 293 மீட்டர் போய்விடும்.

இப்படி வெட்டியதால் நூறு ஹெர்ட்ஸ் அளவில் அடங்கியிருக்க வேண்டிய சமிக்ஞை இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மெலிந்து பரந்துவிடுகிறது. தரைக்கு வரும்போது அதன் வலு, வாங்கும் கருவியின் சொந்த வெப்ப இரைச்சலுக்கும் கீழே. சாதாரணமாகப் பார்த்தால் அங்கே சமிக்ஞை இருப்பதே தெரியாது. ஆனால் கருவியிடம் அதே கோவையின் படி ஒன்று உண்டு. அதைச் சரியான நேரத்தில் பொருத்திப் பெருக்கினால் சிதறியதெல்லாம் ஒன்றுசேர்ந்து எழும்பும். ஒரு பிட் முழுக்கச் சேர்த்தால் ஆதாயம் 43 டெசிபெல், அதாவது சுமார் இருபதாயிரம் மடங்கு. வேடிக்கை என்னவென்றால், நடுவே புகுந்த அந்நியக் குறுக்கீடு அதே பெருக்கலில் எதிர்வழியில் சிதறிவிடும். நமது சமிக்ஞை சுருள, இடைஞ்சல் விரியும். எல்லாச் செயற்கைக்கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணில் பேசியும் குழம்பாததற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கோவை இருப்பதுதான். ராபர்ட் கோல்ட் 1967-ல் வகுத்த கோவைக் குடும்பம் அது. ஜிபிஎஸ் போன்ற நம் நாவிக் அமைப்பு எல்5, எஸ் அலைவரிசைகளில் தரும் பொதுச் சேவையிலும் இதே 1,023 நீளம், இதே நறுக்கும் வேகம். அலைவெண் வேறு.

கோவை எந்த இடத்தில் பொருந்தியது என்பதிலிருந்து நேரம், நேரத்திலிருந்து தொலைவு. பொருத்தம் நழுவாமல் பிடித்துவைக்கக் கருவி கூடுதலாக இரண்டு படிகளை வைத்துக்கொள்ளும்: சரியான படிக்கு அரை சிப் முந்தி ஒன்று, அரை சிப் பிந்தி ஒன்று. இரண்டும் சமமாகப் பொருந்தினால் நடுவில் உள்ளது சரி. நான் முதலில் காட்டிய வாக்கியம் சொல்ல வந்தது இந்த அரை சிப்பைத்தான். அது எப்படி ஒட்டுவேலை ஆயிற்று பாருங்கள்.

சரி, இப்போது வழக்கு. முதல் குற்றவாளி ‘பரவல்’. பரவு தன்வினை, பரப்பு பிறவினை. நோய் பரவும், நெருப்பு பரவும், வதந்தி பரவும். யாரும் கை வைக்காமலே நடக்கும். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தில் சமிக்ஞை தானாகப் பரவவில்லை. திட்டம் போட்டு, கோவை வைத்து, ஒருவர் விரிக்கிறார். இது இலக்கணப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், ஏனென்றால் இதே துறையில் தானாகப் பரவுவதும் உண்டு. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால் நேரத்தில் ஒரு பரவல் ஏற்படும். அதைத் தாமதப் பரவல் என்றால் பொருத்தமாக இருக்கும். அது தொல்லை, யாரும் விரும்பி உண்டாக்குவதில்லை. தொல்லைக்கும் அந்தத் தொல்லையைச் சமாளிக்கும் உத்திக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவன் என்ன செய்வான்? ‘விரித்த’ என்றால் விரித்தவர் ஒருவர் உண்டு என்பது எச்சத்திலேயே தெரிகிறது. பாயை விரித்தவர் சுருட்டவும் வேண்டுமல்லவா, அதனால் வாங்கும் முனையில் நடக்கும் எதிர்வேலைக்குச் ‘சுருட்டல்’ தயாராக நிற்கிறது. ‘பரவல் நீக்கம்’ என்று நோய்த்தடுப்பு முகாம் போல எழுத வேண்டியதில்லை.

அடுத்தது நிறமாலை. வானவில்லுக்கு இதைவிட அழகான சொல் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கும்வரை அதைத் தொட மாட்டேன். ரேடியோ அலைக்கு நிறம் ஏது? ‘ஆங்கிலத்திலும் வெள்ளை இரைச்சல் என்று நிறம் சொல்கிறார்களே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். அது உவமை, அங்கே கேட்பவருக்கு உவமை என்று தெரியும். நிறமாலையை விளக்காமல் விட்டால், படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை சிவப்பு, ஊதா என்றுதான் யோசிக்கும்.

செய்தித்தாள்கள் இந்த நிறத்தை 2ஜி விவகாரத்தின்போதே கழற்றி எறிந்துவிட்டு ‘அலைக்கற்றை’ என்றன. ஏலம், ஒதுக்கீடு, கட்டணம் என்று பேச அது நன்றாகவே போதும். ஊருக்கெல்லாம் புரிந்துவிட்டது, அதற்காகவே பாராட்டலாம். ஆனால் செயற்கைக்கோள் பக்கம் போனால் அது காலை வாரிவிடும். கற்றை என்றால் அங்கே அலைத்தட்டிலிருந்து குவிந்து புறப்படும் ஒளிக்கற்றை போன்ற ஒன்று. அது இல்லாமல் ஒரு பத்திகூட எழுத முடியாது. 1988-ல் குவால்காம் நிறுவனம் அமெரிக்க லாரிகளோடு செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறக் கொண்டுவந்த ஆம்னிட்ராக்ஸ் சேவையைப் பாருங்கள். லாரி மேல் வைக்கும் அலைவாங்கி சிறியது. சிறியது என்றால் அதன் கற்றை அகன்றிருக்கும். குறிவைத்த செயற்கைக்கோளோடு பக்கத்திலிருப்பதன் மேலும் வழியும். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வராமலிருக்க, ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் விழும் ஆற்றல் மிகக் குறையும்படி சமிக்ஞையை விரிக்க வேண்டும். இதைச் செய்தித்தாள் தமிழில் எழுதிப்பாருங்கள்: “கற்றை பரந்திருப்பதால் அலைக்கற்றையைப் பரப்ப வேண்டியதாயிற்று.” ஒரு நோயை அதே நோயால் குணப்படுத்தியது போலில்லை? உண்மையில் ஒன்று வானத்தில் கோணம், மற்றது அலைவெண்ணில் அகலம்.

எனவே ‘அலைமாலை’. மாலை என்ற பாதியை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும். நிறமாலை படித்தவருக்கும் உறவு விளங்கும். விரித்த அலைமாலை.

இனி சில்லு. மின்சுற்றுச் சில்லைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஓட்டுச் சில்லு, தேங்காய்ச் சில்லு என்று வழங்கிய சொல். சிலிக்கானோடு ஓசையும் ஒத்துப்போகிறது. யாழ்ப்பாணத்தாருக்குச் சில்லு என்றால் சைக்கிள் சக்கரம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி. சிக்கல், அந்த இடம் நிரம்பிவிட்டது என்பதே. ‘நொடிக்கு 38.4 லட்சம் சில்லுகள்’ என்று 3ஜி பற்றி எழுதினால் தைவான் தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கு போலிருக்கும்.

போட்டிக்கு வருபவை இரண்டு. ‘துணுக்கு’ என்றதும் வார இதழின் பக்க நிரப்பி நினைவுக்கு வருகிறது, விட்டுவிடலாம். ‘சிறுதுடிப்பு’ கொஞ்சம் யோசிக்க வைக்கும், ஆனால் அதிலும் பிழை. 1997-ல் வந்த முதல் வைஃபை தரத்தில் பார்க்கர் கோவை ஒன்று உண்டு: கூட்டல், கழித்தல், கூட்டல், கூட்டல், கழித்தல், கூட்டல், கூட்டல், கூட்டல், கழித்தல், கழித்தல், கழித்தல். மொத்தம் 11 சிப். இதைத் திரையில் வரைந்தால் அடுத்தடுத்து வரும் கூட்டல்கள் ஒரே மேடாக ஒட்டிக்கொள்ளும். மேலெழும் துடிப்புகளை எண்ணிப்பாருங்கள், மூன்றே மூன்று: ஒன்று ஒரு சிப் நீளம், அடுத்தது இரண்டு, கடைசி மூன்று. ஆக, துடிப்பும் சிப்பும் வேறு. சிப் என்பது கடிகாரம் வெட்டிய நேரத்துண்டு. அதில் மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் அது ஒன்றுதான்.

வெட்டிய துண்டுக்குத் தமிழில் ‘நறுக்கு’ இருக்கிறது. ஓலை நறுக்கு எல்லோரும் அறிந்தது. ‘நறுக்குத் தெறித்தாற்போல் பேசினார்’ என்கிறோமே, கோடரியிலிருந்து தெறித்த அந்த ஆங்கிலச் சிறாய் அப்படியே அதற்குள் இருக்கிறது. நறுக்கு வீதம், அரை நறுக்கு, பிட்டுக்கு 128 நறுக்கு என்று எங்கே வைத்தாலும் நாக்கு இடறவில்லை. (அந்த 128, ஒரே அலைவெண்ணைப் பலர் தனித்தனிக் கோவையால் பகிரும் சிடிஎம்ஏ போனின் கணக்கு: நொடிக்கு 12,28,800 நறுக்கு, 9,600 பிட். 2003-ல் 501 ரூபாய்க்குக் கையில் வந்து, சிம் மாற்ற முடியாமல் பலரைத் திணறவைத்த அதே போன்.) பிட்டையும் தமிழாக்கு என்று கேட்பவர்கள் மன்னிக்கவும். பரீட்சை அறைக்குள் ஒளித்துக்கொண்டு போகும் பிட்டையே தாங்கிய மொழி இதையும் தாங்கும்.

என் சோதனை வாக்கியம் இது: “இந்தச் சில்லு நொடிக்கு 10,23,000 நறுக்குகளை உண்டாக்குகிறது.” மின்சுற்று ஒருபுறம், கோவைத்துண்டு மறுபுறம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. ஆங்கிலக்காரர்கள் இரண்டுக்கும் சிப் என்றே சொல்லி இடம்பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. நமக்கு அந்தப் பழக்கமும் இல்லை, அந்தச் சுமையைத் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள கோபம் சொல்வளம் பற்றியதல்ல, எண்களைப் படிக்காமல் தாண்டுவது பற்றியது. ‘நொடிக்குப் பத்து லட்சம்’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்போது அது எப்படிப் பலகையில் ஒட்டும் பொருளாக இருக்கும் என்று ஒரு கணம் நின்றிருக்கலாம். ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் கதையிலும் இதே அவசரம். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942 ஆகஸ்டில் பெற்ற காப்புரிமை, பியானோவின் 88 கட்டைகள் போல 88 அலைவெண்களுக்கு மாறி மாறித் தாவும் முறை. நல்ல கருத்து, ஐயமில்லை. நொடிக்கு 1,600 முறை தாவும் புளூடூத்தை அந்த வழியில் சேர்க்கலாம். ‘ஜிபிஎஸ்ஸைக் கண்டுபிடித்த நடிகை’ என்று வருடாவருடம் வரும் கட்டுரை மட்டும் பொய். ஜிபிஎஸ் தாவுவதே இல்லை. ஒரே இடத்தில் நின்று நறுக்குகிறது.

நறுக்கு கொஞ்சம் இழுபடும் இடம் ஒன்று உண்டு: லோரா. தண்ணீர் மீட்டர், வயல் உணரி போன்றவற்றில் வரும் குறைந்த மின்சார ரேடியோ. அங்கே கோவையால் வெட்டுவதில்லை. அலைவெண் இடைவிடாமல் சீராக ஏறுகிறது. ஆனாலும் விரிப்பு எண் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) 12 என்றால் ஒரு குறியீட்டுக்கு 4,096 நறுக்கு என்றுதான் கணக்கு; 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது 32.768 மில்லி நொடி. எண்ணிக்கை அளவில் சொல் நிற்கிறது. அந்த ஏறும் அலைக்கு வைத்த ‘சிர்ப்’ என்பதைக் ‘கீச்சு’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கீச்சை ட்விட்டர் ஏற்கெனவே எடுத்துப்போய்விட்டதால் நான் இப்போதைக்குச் சிர்ப் என்றே எழுதுகிறேன். வேறு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.