பாரிஷ்: பங்கா, சேகரமா, கோயிற்பற்றா?

பழைய ஆங்கில நாவலைத் தமிழாக்க உட்காருகிறவரைத் தடுக்கிவிடும் சொற்களில் ஒன்று பாரிஷ். 'கிழவர் கடைசியில் பாரிஷுக்குப் போய்விட்டார்' என்று ஒரு வரி வரும். நம் ஊரில் பாரிஷ் என்றால் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சபை வட்டாரம். அதனால் 'பங்கில் சேர்ந்தார்' என்று எழுதிவிடத் தோன்றும். அங்கே நடந்ததோ வேறு. உழைக்கத் தெம்பு போய், ஊர் வரிப்பணத்தில் கஞ்சி குடிக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்பதே அந்த வரியின் பொருள்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'பரா' என்றால் பக்கத்தில், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. 'பரோய்க்கோஸ்' என்பவர் நம்மோடு வந்து தங்கியிருக்கும் வெளியூர்க்காரர், அந்த ஊரில் உரிமை இல்லாதவர். பேதுருவின் முதல் நிருபத்தில் 'அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற' என்று படிக்கிறோமே, அந்த 'அந்நியர்' இவர்தான். இவ்வுலகம் தங்களுக்குச் சொந்த ஊர் அல்ல என்று நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்களின் கூட்டத்துக்கு அதுவே பெயராயிற்று. லத்தீனில் பரோக்கியா ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பாரிஷ் ஆனது.

வந்த இடத்தில் பொருள் தலைகீழாகிவிட்டது. ஆங்கிலக் கிராமத்தில் ஒரு கோயில் (தேவாலயம்), ஒரு குருவானவர், அவர் பொறுப்பில் இருக்கும் எல்லை, இதுதான் பாரிஷ். 1538 முதல் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் கோயில் பதிவேட்டில் ஏறின. 1601 ஏழைச் சட்டம் அந்தந்தப் பாரிஷின் ஏழைகளை அதன் தலையிலேயே வைத்தது. நிலம், வீடு உள்ளவர்களிடம் அதற்கு வரி வசூலித்தார்கள். கணக்கு பேசும் கூட்டத்துக்கு 'வெஸ்ட்ரி' என்று பெயர். குருவின் அங்கிகளை வைக்கும் அறையில் கூடியதால் வந்த பெயர் அது.

வரி கட்டுகிறவன் சும்மா இருப்பானா? 'இவர் நம் பாரிஷா?' என்ற கேள்வி எழுந்தது. 1662 சட்டப்படி, உதவி கேட்கக்கூடும் என்று தோன்றும் வெளியூர்க்காரரைச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். மனைவிக்குக் கணவனின் பாரிஷ்தான் சொந்தப் பாரிஷ். கணவன் இறந்ததும், தான் கண்ணால் பார்த்தே இராத ஊருக்குக் கைக்குழந்தையோடு அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. விதவையான முதல் 12 மாதம் அப்படி அனுப்பக் கூடாது என்ற சட்டம் 1846ல்தான் வந்தது. அந்நியரைக் குறித்த சொல்லை வைத்தே அந்நியரை விரட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் மார்வென்ஸ்டோ என்ற பாரிஷும் இருந்தது. அங்கே குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். கப்பல்கள் மோதி உடையும் பாறைக் கரை அது. கரை ஒதுங்கும் பிணங்களைக் கடலோரத்திலேயே குழிதோண்டி மூடுவது பழைய வழக்கம். கோயில் கல்லறைத் தோட்டத்தில் பாரிஷ் செலவில் அடக்க வேண்டும் என்று 1808லேயே சட்டம் வந்திருந்தது. ஹாக்கர் அதைக் கடமையாக அல்ல, பக்தியாகச் செய்தார். 1842ல் கலிடோனியா என்ற கப்பல் உடைந்தபோது இறந்த மாலுமிகளை அங்கேதான் அடக்கினார். கப்பலின் முகப்பில் இருந்த, வாளும் கேடயமும் ஏந்திய பெண்ணுருவம் அவர்களுக்குக் காவலாக நின்றது. பெயர்கூடத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாரிஷில் ஆறடி நிலம் கிடைத்தது. சொல்லின் பழைய பொருள் அங்கே மிச்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். கோயில்களில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் இன்றைய அறுப்பின் பண்டிகைக்கு 1843ல் வடிவம் கொடுத்தவர் என்றும் இவரையே சொல்வார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கத்தோலிக்கர்களுக்குப் பங்கு, பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று அழகான சொற்கள் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரிடம் சேகரம் இருக்கிறது. ஆனால் சேகரம் என்பது பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது. ஆங்கிலக் கிராமத்துப் பாரிஷ் அவ்வளவு விரிந்தது அல்ல. அதோடு, பங்கு, சேகரம் இரண்டிலும் கோயில் இருக்கிறதே தவிர, ஊர் வரியும் ஏழைக் கணக்கும் இல்லை.

இரண்டையும் தாங்கும் சொல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: கோயிற்பற்று. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் ஒரு கோயிலைச் சுற்றிய ஊர்களுக்கு அந்தப் பெயர். ஒல்லாந்தர் எழுதிய நிலத் தோம்புகளும், அதாவது நிலப் பதிவேடுகளும், கோயிற்பற்று வாரியாகவே இருந்தன. பற்று என்றால் நிலப்பிரிவு. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று இன்றும் வழங்குகிறது. விக்டோரியா காலத்துப் பாரிஷுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழவரை இனி 'கோயிற்பற்று உதவியில் காலம் தள்ளினார்' என்று எழுதலாம். 1894க்குப் பிறகு வரும் பாரிஷ் கவுன்சிலுக்கு மட்டும் இது வேண்டாம். அந்த ஆண்டுச் சட்டம் ஊர்க் காரியங்களை வெஸ்ட்ரியிடமிருந்து பிரித்துத் தேர்தலில் வந்தவர்களிடம் கொடுத்துவிட்டது. அதற்கு ஊராட்சி மன்றம் என்றே போடலாம்.