ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால்: கேட்க வேண்டிய பேப்பரும் காசு வாங்காத வக்கீலும்

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு பையனை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று வையுங்கள். பின்னாலேயே ஓடும் அம்மாவுக்குக் கிடைக்கும் பதில், "சும்மா விசாரணைதாம்மா, காலையில அனுப்பிடுவோம்." குற்றம் சாட்டப்பட்டவர் விஷயத்தில் போலீசுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தரலாம், அல்லது முறைப்படி கைது செய்யலாம். நடுவில் பெஞ்சில் உட்கார வைத்து விடியவிடிய காத்திருக்க வைக்க சட்டத்தில் இடமில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, 35, 47, 48, 58 என்ற நான்கு பிரிவு எண்களை நினைவில் வைத்தால் போதும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால் எடுத்த எடுப்பில் கைது கூடாது, ஏன் தேவை என்று அதிகாரி எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் என்பது 35. அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. கைதுக்கான காரணத்தைச் சொல்வது 47, வீட்டாருக்குத் தகவல் தருவது 48. இதோடு கைதுக் குறிப்பு என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதிக்காரர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

58 தான் முக்கியம். பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு எவ்வளவு டிராபிக் இருந்தாலும் அதை அரை நாள் பயணம் என்று யாரும் சொல்ல முடியாது! கணக்கு தொடங்குவது ஆளைப் பிடித்த நேரத்திலிருந்து. ரைட்டர் ரிஜிஸ்தரில் எழுதும் நேரத்திலிருந்து அல்ல. அதனால்தான் அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் முதல் வேலையாக கமிஷனருக்குத் தந்தி அடிப்பார்கள், பிடித்துப்போன நேரம் அதில் பதிவாகிவிடும். 2013-இல் தந்தி நின்றுபோனது. இப்போது மெயிலோ ஸ்பீட் போஸ்ட்டோ அந்த வேலையைச் செய்யும். இன்ன நேரம், இன்ன இடம், கூட்டிப்போனது யார் என்று மூன்று வரி எழுதினால் போதும்.

பெண் என்றால் சூரியன் மறைந்த பிறகு, விடியும்வரை கைது கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்து, முன் அனுமதி வாங்கிச் செய்யலாம். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

அப்புறம் வக்கீல். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதே சலுகை, காவலில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆணைக்குழு அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்த ஸ்டேஷன். போக முடியாதவர்கள் 15100-க்கு போன் செய்யலாம். ஆள் ஏற்கெனவே புழலுக்குப் போய்விட்டால் சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் வழியாக மனு கொடுக்கலாம்.

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு வக்கீல்?" என்று தெருவில் கேட்பார்கள். தப்பு செய்தானா என்று முடிவு செய்யத்தானே கோர்ட்? கட்சிக்காரர் குற்றவாளியோ இல்லையோ, தன் சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட்டு வாதாடுவது வக்கீலின் கடமை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. இன்ன ஆளுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டாலும் செல்லாது. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து மட்டும் யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது, பொதுவாக அது சாட்சியமாகவே ஏறாது. அதனால் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடத் தேவையில்லை. கைதானதும் அரசு டாக்டர் உடம்பைப் பரிசோதித்து, காயம் இருந்தால் எழுத வேண்டும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று செய்தியில் படிக்கிறோமே, அந்தக் கதையை உடைக்கக்கூடியது இந்தச் சீட்டுதான். டாக்டரிடம் வாய் திறக்கப் பயமாக இருந்தால், ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் நேராகச் சொல்லலாம்.

ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் ஜாமீன் கேட்பது சலுகை அல்ல, உரிமை. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காத ஆளை ஏழையாகக் கருதி, சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விட வேண்டும்.

இலவச வக்கீல் "செலவுக்கு" என்று காசு கேட்டால் தராதீர்கள். அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கிறது. கேட்டவர் மேல் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வேறு வக்கீல் கேட்கலாம்.