மரத்தைத் திட்டும் முன் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள்

நான் பிளம்பர். இந்த மழையில் மர வேர் புகுந்து கழிவுநீர் லைன் அடைத்த மூன்றாவது வீடு இது. பெங்களூரு அல்சூரில் பழைய வீடு, வாசலில் தூங்குமூஞ்சி மரம். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் பாத்ரூம் தரை வழியாக மேலே வருகிறது. நான் போவதற்குள் நாலு பாட்டில் ஆசிட் காலி. "மரத்தை வெட்டிடலாமா தம்பி?" என்றார் வீட்டம்மா.

வேண்டாம்மா. மரம் குழாயைத் தேடி வந்து உடைப்பதில்லை. அந்தக் காலத்துப் பீங்கான் குழாயில் இரண்டு மூன்று அடிக்கு ஒரு மூட்டு. மண் இறங்க இறங்க மூட்டில் பூசிய சிமென்ட் விட்டுப்போகும், கசியும். ஈரம் கண்ட வேர் நூல் போல நுழைந்து உள்ளே சடை பிடிக்கும். முதலில் கசிந்தது குழாய், வேர் வந்தது அப்புறம். மரத்தையே வெட்டினாலும் கசிவு அங்கேயேதான் இருக்கும். பக்கத்து வீட்டு மர வேர் வந்து சேரும். தவிர, 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்துக்கும் பெரும்பாலும் அனுமதி வாங்க வேண்டும்.

ஆசிட்டா? அடைத்த குழாயில் ஊற்றினால் அது எங்கே போகும்? அங்கேயே நிற்கும், அடைப்பெடுக்க ராடு விடுகிற பையன் முகத்தில் தெறிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் விஷவாயு. தயவுசெய்து வேண்டாம்.

சரி, மரத்தைச் சுற்றிப் புது லைன் போடலாம். சுற்றினால் தூரம் கூடும், வாட்டம் குறையும். நாலு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி இறக்கமாவது வேண்டும். இங்கே 22 அடி லைன் 34 அடி ஆனது. அதற்கு 7 அங்குலம் தேவை. தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்துப் பார்த்தால் 9 அங்குலம் இருந்தது, தப்பித்தோம். இதை அளக்காமல் பள்ளம் தோண்டுகிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

திருப்பத்தில் 90 டிகிரி பெண்ட் போடாமல் இரண்டு 45 போடுங்கள், பக்கத்திலேயே ஒரு சேம்பர் (மூடியைத் திறந்து லைனைப் பார்க்கும் தொட்டி) கட்டுங்கள். சுவரில் ஏற்றுகிற பைப்பை மண்ணில் புதைக்காதீர்கள். புதைப்பதற்கென்றே ரப்பர் ரிங் வைத்த தனிப் பைப் கிடைக்கிறது. பழைய லைனின் இரண்டு வாயையும் அடையுங்கள், இல்லாவிட்டால் எலி குடியேறும். மழைநீர்க் கால்வாயில் இணைக்கச் சொல்லும் மேஸ்திரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். தெருவில் அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழையுங்கள். மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள், அது குற்றம்.

பள்ளத்தை மூடும் முன் காம்பவுண்டு சுவரிலிருந்து டேப் பிடித்து, லைன் போகும் வழியை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை தோண்ட வருவது நானாக இருக்காது.