லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை: ஷாம்பெயின் உருவாகும் விதம்

பாரிஸுக்கு வடகிழக்கே, ரீம்ஸ், எபெர்னே என்ற இரண்டு நகரங்களைச் சுற்றிப் பரந்திருக்கிறது ஷாம்பெயின் வட்டாரம். திராட்சைக்கு அது சுகமான மண் அல்ல. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. வசந்தகால உறைபனி இளம் துளிர்களைக் கருக்கிவிடும். பழம் முழுதாக இனிப்பேறும் முன்பே அறுவடைக் காலம் வந்துவிடும். சாதாரண ஒயின் செய்பவருக்கு இது பெரிய குறை. ஆனால் குமிழ் ஒயினுக்கு வேண்டியது இதேதான்: சர்க்கரை குறைந்த, புளிப்பு தூக்கலான பழம். ஷாம்பெயின் இரண்டு முறை நொதிக்கிறது. முதல் நொதித்தலிலேயே ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், இரண்டாவது முறை ஈஸ்ட் வேலை செய்யத் திணறும். குடிப்பவருக்கும் கனமாகத் தெரியும்.

இங்கே விளைவது பெரும்பாலும் மூன்று ரகங்கள். பினோ நுவார், மெனியே இரண்டும் கருந்திராட்சை, ஷார்டனே வெள்ளை. பினோ நுவார் ஒயினுக்குத் திடமும் பழச்சுவையும் தரும். ரீம்ஸ் மலைச்சரிவிலும் தெற்கே ஓப் மாவட்டத்திலும் அது அதிகம். ஷார்டனே எபெர்னேக்குத் தெற்கே கோத் தே பிளாங் சரிவின் சுண்ணாம்புப் பாறை மண்ணில் செழிக்கும். நீண்ட காலம் தாங்கும் கூர்மை அதனுடையது. மெனியே தாமதமாகத் துளிர்ப்பதால் உறைபனிக்குத் தப்பும். மார்ன் நதிப் பள்ளத்தாக்கு விவசாயிகள் அதை நம்புவது அதனால்தான்.

கருந்திராட்சையிலிருந்து வெளிறிய சாறு எப்படி வருகிறது? நிறம் தோலில் இருக்கிறது, சதையில் இல்லை. பழம் உடையாமல் ஆலைக்கு வந்து, மெல்ல நசுங்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்காது. அதனால்தான் இங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதியே இல்லை. குலை குலையாகக் கையால்தான் வெட்டவேண்டும். ஒரு பிழிதலுக்கு 4,000 கிலோ பழம் என்பது கணக்கு. அதிலிருந்து முதலில் வரும் 2,050 லிட்டர் சாறுதான் சிறந்தது. அடுத்த 500 லிட்டரில் புளிப்பு குறைந்து, நிறமும் துவர்ப்பும் ஏறும். அதற்கு மேல் வருவதை ஷாம்பெயின் என்று விற்கக் கூடாது.

இந்தப் பழத்தின் விலையிலிருந்து பிறந்ததுதான் கிரான் குரு (உச்ச தரம்), பிரமியே குரு (அதற்கு அடுத்தது) என்ற தரப்பிரிவு. லுவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தென் பிரான்ஸிலிருந்தும் மலிவான திராட்சையை வாங்கி, சில வணிக நிறுவனங்கள் ஷாம்பெயின் என்று விற்றன. 1911இல் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஆயி என்ற ஊரில் கிடங்குகள் எரிந்தன, ராணுவம் வந்தது. அதே ஆண்டில் ஊர்களுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் உருவானது. 100 மதிப்பெண் பெற்ற ஊரின் பழத்துக்கு அந்த ஆண்டு நிர்ணயித்த முழு விலை. 85 பெற்ற ஊருக்கு அதில் 85 சதவீதம். இந்த விலை நிர்ணயம் 1990இல் முடிந்தது, பெயர்கள் மட்டும் நிலைத்தன. அவீஸ், அம்போனே, வெர்செனே உட்பட 17 ஊர்கள் கிரான் குரு. 42 ஊர்கள் பிரமியே குரு.

கவனிக்கவேண்டியது, மதிப்பெண் ஊர் முழுவதற்கும் ஒன்றுதான். பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாகத் தரம் உண்டு. இங்கே அப்படி இல்லை. நல்ல ஊரின் ஈரமான பள்ளத்து நிலமும் கிரான் குருதான். எனவே லேபிளில் அந்தச் சொல்லைப் பார்த்து மட்டும் பாட்டிலை எடை போடுவது தவறு. அதைவிட முக்கியமானது செய்முறை.

முதல் நொதித்தல் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ நடக்கும். கிடைப்பது குமிழில்லாத, பல் கூசும் அளவு புளித்த, 10 முதல் 11 சதவீத ஆல்கஹால் கொண்ட ஒயின். பல ஊர், பல ரகம், முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு ஒயின் எல்லாவற்றையும் ருசித்துக் கலப்பார்கள். பிறகு கலவையைப் பாட்டிலில் நிரப்பும்போது லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, சோடா பாட்டில் மூடி போன்ற உலோக மூடியால் அடைத்துவிடுவார்கள்.

இந்த 24 கிராமில்தான் எல்லாம் இருக்கிறது. பாதாள அறையின் குளிர்ச்சியில், லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் உருவாகும். 24 கிராமுக்கு 6. காரின் டயரில் இருப்பதைப் போல் இரண்டரை மடங்கு! 750 மில்லி பாட்டில் ஒன்றில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு, வெளியே விட்டால் 5 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆல்கஹாலும் ஒன்றேகால் சதவீதம் போல ஏறும். சர்க்கரையைக் குறைத்தால் குமிழ் சோர்ந்துவிடும், கூட்டினால் கண்ணாடி வெடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அளவு யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு பாட்டில் வெடித்து, அதன் சில்லுகள் பக்கத்துப் பாட்டில்களை உடைக்க, வரிசையாக நாசமாகும். தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்தே பாதாள அறைக்குள் இறங்கினார்கள். ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரையை அளந்து, இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிடும் வழியை 1836இல் வெளியிட்டவர் பிரான்சுவா என்ற மருந்தாளர். ஷாம்பெயினுக்குப் பெரும் உபகாரம் செய்தவர்களில் அவரை நான் முன்வரிசையில் வைப்பேன். இன்றைய பாட்டிலின் எடை 835 கிராம். அந்தக் கனம் அழகுக்காக அல்ல.

ஈஸ்டுக்கு இது கடினமான இடம். ஆல்கஹால் ஏற்கெனவே இருக்கிறது, புளிப்பு அதிகம், அறையின் குளிர் 10 முதல் 12 டிகிரி, அழுத்தமோ நாளுக்கு நாள் ஏறுகிறது. ஆகவே ஈஸ்டை அப்படியே கொட்டமாட்டார்கள். சர்க்கரை கலந்த ஒயினில் சில நாள் வளர்த்து, ஆல்கஹாலுக்குப் பழக்கிய பிறகே சேர்ப்பார்கள். பழக்காமல் சேர்த்தால் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். சர்க்கரையும் மிஞ்சும், குமிழும் போதாது. எல்லாம் சரியாகப் போனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் சர்க்கரை தீர்ந்து, ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும்.

அந்த வண்டலை உடனே நீக்கமாட்டார்கள். செத்த செல்கள் மெல்லச் சிதைந்து, அமினோ அமிலங்களையும் புரதங்களையும் ஒயினில் விடும். சுட்ட ரொட்டி, பாதாம் வாசனையும் நாக்கில் வழவழப்பும் அதிலிருந்து வருபவை. லேபிளில் விளைச்சல் ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்கவேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு குறித்ததற்கு 3 ஆண்டுகள்.

பிறகு வண்டலை வாய்ப்பக்கம் கொண்டுவரவேண்டும். துளையிட்ட சாய்பலகையில் பாட்டில்களைச் செருகி, தினமும் எட்டில் ஒரு பங்கோ கால் பங்கோ திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்குவார்கள். கையால் செய்தால் நான்கு முதல் ஆறு வாரம். 504 பாட்டில்களை ஒரே கூண்டில் திருப்பும் இயந்திரத்துக்கு ஒரு வாரம் போதும். சுவையில் வித்தியாசம் இல்லை. சில சமயம் நுண்வண்டல் கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பாட்டிலைக் குலுக்கி, மறுபடி படுக்கவைத்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அடுத்து, கழுத்தை மட்டும் மைனஸ் 27 டிகிரி அளவுள்ள உப்புக்கரைசலில் முக்குவார்கள். வண்டல் பனிக்கட்டிக்குள் சிக்கும். மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தமே அந்தக் கட்டியை வெளியே தள்ளிவிடும். அப்படி வெளியேறிக் குறைந்த அளவை ஒயினும் சர்க்கரையும் கலந்த பாகால் நிரப்புவார்கள். லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரையுள்ள பாகு 10 மில்லி சேர்த்தால் பாட்டிலில் லிட்டருக்கு 8 கிராம் இனிப்பு வரும். 12 கிராமுக்குக் கீழே என்றால் பிரூட். 6 வரை எக்ஸ்ட்ரா பிரூட். 12 முதல் 17 வரை உள்ளதன் பெயர் எக்ஸ்ட்ரா டிரை! டிரை என்றால் இனிப்பில்லாதது என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

வண்டல் நீக்கிய தேதியைப் பின்லேபிளில் அச்சிடுபவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். தேடிப் பார்க்கவேண்டிய தகவல் அது. வண்டலோடு இருந்தவரை ஒயினை ஈஸ்ட் காத்தது. கார்க் போட்ட நாளிலிருந்து அது வேறு வேகத்தில் முதிரும். வெளிச்சமும் எதிரி. நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலைக் கடைவிளக்கின் கீழே வைத்தால், ஒயினிலுள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) ஒளியை உறிஞ்சி, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களை உடைக்கும். வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வந்துவிடும்.

கிளாஸில் குமிழ் எழ, நுண்ணிய காற்றுப்பை ஒன்று வேண்டும். பெரும்பாலும் துடைத்த துணியின் நூலிழையோ காற்றில் வந்த தூசியோ சுவரில் ஒட்டி அதைத் தருகிறது என்று ரீம்ஸ் பல்கலைக்கழகத்தின் ழெரார் லிஷே-பெலேர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மிச்சமிருந்தால் நுரை அமுங்கிவிடும். 8 முதல் 10 டிகிரிக்குக் குளிரவைத்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்கும்.